பின்னிருக்கையில் எழுந்த குரல்: ஜெலுத்தோங் உறுப்பினரும் நீதி விவாதங்களும்

(பினாங்கில் ஆற்றிய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, சட்டம் பயிலும் இளைஞர்களே,

வழக்கறிஞரும் நாடாளுமன்ற உறுப்பினருமான கர்ப்பால் சிங்கைப் பற்றிப் பினாங்கில் பேசுவது எளிதன்று. அவரை நேரில் அறிந்தவர்களும் அவருக்கு வாக்களித்தவர்களும் நிறைந்த ஊர் இது. ஆகவே அவருடைய வாழ்க்கை வரலாற்றைச் சொல்ல நான் முற்படவில்லை. 1978 முதல் 1999 வரை ஜெலுத்தோங் தொகுதியின் உறுப்பினராகவும், 2004 முதல் 2014 ஏப்ரல் 17 அன்று சாலை விபத்தில் மறையும் வரை புக்கிட் குளுகோர் உறுப்பினராகவும் மலேசிய மக்களவையில் அமர்ந்திருந்த அவர் ஒருநாளும் அமைச்சராக இருந்ததில்லை. எதிர்க்கட்சி இருக்கையிலேயே அவருடைய நாடாளுமன்ற வாழ்வு முழுவதும் கழிந்தது. அப்படிப்பட்ட ஒருவர் நீதியையும் மனித உரிமையையும் பற்றிய விவாதங்களுக்கு அளித்ததுதான் என்ன என்ற ஒரே கேள்வியை இன்று எடுத்துக்கொள்கிறேன்.

என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரசாங்கம் காரணம் சொல்லாமலே கடந்துபோகக்கூடிய இடங்களில் அதைக் காரணம் சொல்ல வைத்தார். அந்தக் காரணமும் அதற்கான மறுப்பும் நாடாளுமன்ற விவாதங்களின் அதிகாரபூர்வப் பதிவான ஹன்சார்ட் ஏட்டில் இடம்பெற வழிசெய்தார். வாக்கெடுப்பு அன்றோடு முடிந்துவிடும், பதிவு அடுத்த தலைமுறையின் கைக்குப் போகும்.

மக்களவை நடக்கும் முறையை அறிந்தவர்களுக்கு இது சிறிய காரியமன்று என்பது தெரியும். அங்கே அரசாங்க அலுவல்களுக்கே முன்னுரிமை. தனி உறுப்பினர் ஒருவர் கொண்டுவரும் மசோதா விவாதத்திற்கு வந்து சேர்வதே அரிது. அவருக்கு எஞ்சுவது கேள்வி நேரமும், அதில் கிடைத்தால் ஒரு துணைக்கேள்வியும், எழுத்து மூலம் பெறும் பதிலும், வரவு செலவுத் திட்டத்தின்போது அமைச்சு வாரியாக நடக்கும் குழுநிலை விவாதமும், அவசரப் பொது விவகாரம் என்று 18(1) விதியின் கீழ் சபாநாயகரிடம் கொடுக்கும் தீர்மானமும்தான். அத்தீர்மானம் நிராகரிக்கப்படலாம், ஆனால் ஏன் நிராகரிக்கப்பட்டது என்பதை எழுத்தில் வாங்கிவிட்டாலே பாதி வேலை முடிந்தது என்று நான் கருதுகிறேன். கர்ப்பால் அவையில் சபாநாயகரோடு மோதி வெளியேற்றப்பட்ட நாட்களும் உண்டு. அவற்றையே பலர் ஆர்வத்தோடு நினைவுகூர்கிறார்கள். எனக்கு அவற்றைவிட, சட்டப்பிரிவைச் சுட்டிக்காட்டி, அமைச்சரிடமிருந்து நேரடிப் பதிலை எதிர்பார்த்து அவர் எழுந்து நின்ற நாட்களே பெரியவை.

இந்த மரபு அவரோடு தொடங்கியதன்று. ஈப்போவின் டி.ஆர். சீனிவாசகம் 1960களில், கல்வி அமைச்சராகப் பணியாற்றிய அப்துல் ரஹ்மான் தாலிப் மீது மக்களவையில் ஊழல் குற்றச்சாட்டுகளை எழுப்பினார். அவைக்குள் பேசியதற்காக அவதூறு வழக்குத் தொடர முடியாது. ஆகவே அதையே வெளியில் சொல்லத் துணிவுண்டா என்ற அறைகூவல் வந்தது. அவர் கோலாலம்பூரில் பொதுமேடையில் அதையே திரும்பச் சொன்னார். அமைச்சர் வழக்குத் தொடுத்துத் தோற்றார், பதவியையும் துறந்தார். நாடாளுமன்றப் பாதுகாப்பு என்ற கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டும் ஓர் உறுப்பினர் நிற்க முடிந்தது என்றால், கையில் சான்று இருந்ததே காரணம். அமைச்சர் பதவி இல்லாத பின்னிருக்கை உறுப்பினராக விரும்பும் எவரும் முதலில் படிக்க வேண்டிய நிகழ்ச்சி இது.

கர்ப்பாலுக்குச் சான்று நீதிமன்றத்திலிருந்து வந்தது. 1975ஆம் ஆண்டின் பாதுகாப்பு வழக்குகளுக்கான அவசரகால ஒழுங்குவிதிகளை இங்குள்ள மூத்த வழக்கறிஞர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவ்விதிகளின் கீழ் ஜூரி கிடையாது. குற்றம் உறுதியானால் நீதிபதி அதிகபட்சத் தண்டனையையே விதித்தாக வேண்டும். எல்லாவற்றிலும் கொடியதாக, குற்றம் சாட்டப்பட்டவரின் வயது கணக்கில் வராது, சிறார் நீதிமன்றச் சட்டம் பொருந்தாது. 1977இல், கைத்துப்பாக்கி வைத்திருந்த குற்றத்திற்காகப் பினாங்கில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அச்சிறுவனுக்காக வாதாடியவர் கர்ப்பால். நாடெங்கும் அதிர்ச்சி அலை எழுந்தது. அவ்வாண்டிலேயே வழக்கறிஞர் மன்றம் அந்த விதிகளின் கீழ் நடக்கும் வழக்குகளில் தோன்றுவதில்லை என்று தீர்மானித்தது. இறுதியில் மாமன்னரின் கருணையால்தான் சிறுவனின் உயிர் தப்பியது. சட்டம் அவனைக் காப்பாற்றவில்லை என்பதை நாம் மறக்கக்கூடாது.

அடுத்த ஆண்டே கர்ப்பால் ஜெலுத்தோங் உறுப்பினரானார். 1978 டிசம்பரில், வேறொரு மேல்முறையீட்டில், அன்று நம் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரைவி கவுன்சில் அந்த ஒழுங்குவிதிகள் செல்லாதவை என்று தீர்ப்பளித்தது. நாடாளுமன்றம் மீண்டும் கூடிவிட்ட பிறகு, அவசரகாலச் சட்டங்களை ஆணையின் மூலம் பிறப்பிக்கும் அதிகாரம் இல்லை என்பது அத்தீர்ப்பின் சாரம். அரசாங்கம் என்ன செய்தது? 1979 ஜனவரியில் அவசரகாலச் சட்டம் ஒன்றை மக்களவைக்குக் கொண்டுவந்து, செல்லாது என்று சொல்லப்பட்ட அனைத்தையும் 1971 முதல் முன்தேதியிட்டுச் செல்லுபடியாக்கியது. ஓராண்டுக்கு முன் ஒரு சிறுவனுக்காகத் தூக்குக் கயிற்றோடு போராடிய வழக்கறிஞர், இப்போது சட்டம் இயற்றும் அவையின் உறுப்பினர். அந்த விதிகள் மனித உடல்மீது என்ன செய்யும் என்பதை அவர் கண்ணால் கண்டவர். மனித உரிமை பற்றிய அவருடைய பேச்சில் பொதுப்படையான முழக்கம் குறைவாகவும், பிரிவு எண்ணும் வழக்கின் நிலையும் மிகுதியாகவும் இருந்ததற்கு இதுவே காரணம் என்று நான் நினைக்கிறேன்.

1983இல் போதைப்பொருள் கடத்தலுக்கு மரண தண்டனை கட்டாயமாக்கப்பட்டது. அதே ஆண்டு பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் கைதான இரு வெளிநாட்டவர் 1986 ஜூலையில் தூக்கிலிடப்பட்டனர். அவ்வழக்கிலும் கர்ப்பால் வாதாடினார். நீதிபதிக்குத் தண்டனையைத் தேர்ந்தெடுக்கும் உரிமையே இல்லாதபோது நீதிமன்றத்தில் கருணைக்காக வாதாடுவதில் பொருளில்லை. அந்த வாதத்தைச் சட்டம் பிறக்கும் இடத்துக்கே கொண்டுபோக வேண்டியிருந்தது.

இனி ஒரு வெற்றிடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1987 அக்டோபரில் ஓப்பராசி லாலாங் நடவடிக்கையில் நூற்றுக்கும் மேற்பட்டோர், விசாரணையின்றித் தடுத்து வைக்க இடந்தந்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பிடிபட்டனர். கர்ப்பால், தொழிற்சங்கத் தலைவர் டாக்டர் வி. டேவிட், பி. பட்டு ஆகிய நாடாளுமன்ற உறுப்பினர்களும் அவர்களுள் அடங்குவர். 1988 மார்ச் 9 அன்று ஈப்போ உயர் நீதிமன்றம் ஆட்கொணர்வு மனுவை ஏற்றுக் கர்ப்பாலை விடுவித்தது. சில மணி நேரத்திலேயே அவர் மீண்டும் கைது செய்யப்பட்டார். அதே மார்ச் மாதத்தில்தான் அரசியலமைப்பின் 121ஆவது பிரிவு திருத்தப்பட்டு, நீதித்துறை அதிகாரம் நீதிமன்றங்களிடம் உள்ளது என்ற வாசகம் நீக்கப்பட்டது. ஆகஸ்டில் தலைமை நீதிபதி துன் சாலே அபாஸ் பதவி நீக்கம் செய்யப்பட்டார். நம் நீதித்துறையின் தலையெழுத்தை மாற்றிய அந்த விவாதம் நடந்தபோது, அதைப் பற்றிப் பேச மிகவும் தகுதியான உறுப்பினர் ஒருவர் தடுப்புக் காவலில் இருந்தார். 1989 ஜனவரியில்தான் அவர் வெளியே வந்தார். அன்றைய ஹன்சார்டில் அவருடைய பெயர் இல்லாத பக்கங்களையும் அவருடைய பங்களிப்பின் வரலாற்றோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

உறுப்பினரின் பேச்சுரிமைக்கு அவைக்குள்ளும் எல்லை உண்டு. 1971ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பிறகு, குடியுரிமை, தேசியமொழி, மலாய்க்காரர் முதலானோரின் சிறப்புரிமை, ஆட்சியாளர்களின் நிலை ஆகியவற்றைக் கேள்விக்கு உள்ளாக்கினால் அவைக்குள் பேசினாலும், அரசுக்கோ ஆட்சியாளருக்கோ எதிராகத் தூண்டும் பேச்சைத் தண்டிக்கும் நிந்தனைச் சட்டம் பாயும். இதில் குற்றவாளி எனக் காணப்பட்டவர் யார் தெரியுமா? சீன, தமிழ்ப் பள்ளிகளை மூட வேண்டும் என்று 1978இல் மக்களவையில் பேசிய சபா உறுப்பினர் மார்க் கோடிங். பள்ளிகளை மூடச் சொன்னது குற்றமன்று, அதற்காக மொழி பற்றிய 152ஆவது பிரிவைத் திருத்தலாம் என்றதே குற்றம் என்று நீதிமன்றம் கண்டது. தமிழ்ப்பள்ளியில் படித்தவன் என்ற முறையில் அவருடைய பேச்சு என்னைப் புண்படுத்துகிறது. ஆனாலும் மக்கள் அனுப்பிய ஓர் உறுப்பினரை அவையில் பேசிய பேச்சுக்காகக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் சட்டத்தை என்னால் வரவேற்க முடியவில்லை. அவர்மீது பாய்ந்த சட்டம் நமக்காகப் பேசுபவர்மீதும் பாயும்.

பாய்ந்தும் இருக்கிறது. 2005ஆம் ஆண்டு விபத்துக்குப் பின் சக்கர நாற்காலியில் அவைக்கு வந்துகொண்டிருந்த கர்ப்பால், பேராக் மாநில முதல்வரான மந்திரி புசாரின் பதவி நெருக்கடியின்போது, சுல்தானின் முடிவை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியும் என்று 2009இல் தம் அலுவலகத்தில் செய்தியாளர்களிடம் சொன்னார். அதற்காக நிந்தனைக் குற்றச்சாட்டு. 2014 பிப்ரவரியில் குற்றவாளி என்ற தீர்ப்பு. 2019இல் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் அவரை விடுவித்தபோது அவர் மறைந்து ஏறத்தாழ ஐந்தாண்டுகள் ஆகியிருந்தன.

ஆளுங்கட்சிப் பின்னிருக்கையிலும் மனச்சாட்சி பேசியதுண்டு. 2006 மே மாதம், தம் அணியைச் சேர்ந்த உறுப்பினர் ஒருவரை, உறுப்பினர்களின் நடத்தையை விசாரிக்கும் உரிமைக் குழுவுக்கு அனுப்ப எதிர்க்கட்சி கொண்டுவந்த தீர்மானத்தை ஆதரித்த ஷாரிர் சமாட், பின்னிருக்கை உறுப்பினர் மன்றத்தின் தலைவர் பதவியைத் துறந்தார். அந்த வழி ஏன் அதிகம் பேரால் பின்பற்றப்படவில்லை என்பது தனியே பேச வேண்டிய பொருள்.

பதிவு அடுத்த தலைமுறையின் கைக்குப் போகும் என்று சொன்னேன். 2023 ஏப்ரல் 3 அன்று கட்டாய மரண தண்டனையை நீக்கும் மசோதா மக்களவையில் நிறைவேறியது. ஜூலை 4 முதல் நடப்புக்கு வந்தது. அரசாங்கத்தின் சார்பில் அதை முன்னின்று நடத்திய துணையமைச்சர், புக்கிட் குளுகோர் உறுப்பினர் ராம்கர்ப்பால் சிங். தந்தையின் தொகுதிக்கு வந்த மகன். மரண தண்டனை இன்றும் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் நீதிபதி சூழ்நிலையை எடைபோடலாம். பினாங்குச் சிறுவனின் வழக்கில் இல்லாமற்போனது இந்த ஓர் உரிமைதான். அதேபோல், பெற்றோரில் ஒருவர் மட்டும் முடிவுசெய்து குழந்தைகளை மதம் மாற்றும் ஒருதலைப்பட்ச மதமாற்றம் செல்லாது என்று 2018 ஜனவரி 29 அன்று கூட்டரசு நீதிமன்றம் அளித்த தீர்ப்பில், தாய்க்காக வாதாடிய வழக்கறிஞர் ஈப்போ பாராட் உறுப்பினர் எம். குலசேகரன். நீதிமன்றமும் நாடாளுமன்றமும் ஒருவருடைய உழைப்பிலேயே சந்தித்துக்கொள்ளும் அந்த வழக்கம் இன்னும் அற்றுப்போகவில்லை.

நம் சமூகத்தை நேராகத் தொடும் தடுப்புக் காவல் மரணங்களும் இதே வழியில்தான் வெளிச்சத்துக்கு வருகின்றன. உறுப்பினர் ஒருவர் கேட்டால் அமைச்சு எழுத்து மூலம் எண்ணிக்கை தர வேண்டியிருக்கிறது. கேட்காவிட்டால் அது கோப்பிலேயே கிடக்கும். உங்கள் உறுப்பினரிடம் சென்று, இந்தக் கூட்டத்தொடரில் கேட்டீர்களா, என்ன பதில் வந்தது என்று விசாரிக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

இன்னொன்றையும் விசாரியுங்கள். உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பதிலாக 2012இல் வந்த சொஸ்மா எனப்படும் பாதுகாப்புக் குற்றங்கள் (சிறப்பு நடவடிக்கைகள்) சட்டம், ஒருவரை நீதிமன்றத்தில் நிறுத்தாமல் 28 நாள் வரை வைத்திருக்கக் காவல்துறைக்கு அதிகாரம் தருகிறது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை நாடாளுமன்றம் அந்த அதிகாரத்தைத் தீர்மானத்தின் மூலம் புதுப்பிக்க வேண்டும். 2022 மார்ச் 23 அன்று அத்தீர்மானம் ஆதரவாக 84, எதிராக 86 என்ற வாக்குகளில் தோற்றது. வெறும் இரண்டு வாக்கு வேறுபாடு. ஜூலையில் மீண்டும் கொண்டுவரப்பட்டு நிறைவேறியது. அந்த நீட்டிப்பு 2027 ஜூலை இறுதியில் முடிகிறது. புதுப்பிக்கும் தீர்மானம் அவைக்கு வரும் நாளில் பினாங்கின் உறுப்பினர்களில் யார் எழுந்து பேசினார், எப்படி வாக்களித்தார், யார் அவையில் இல்லை என்பதை ஹன்சார்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள்.