கடல்நாய்க்குக் கிடைத்த குடும்பப் பதிவேடு

நடுவர் அவர்களுக்கும் இரு அணியினருக்கும் அவையோருக்கும் வணக்கம். ‘ஜப்பானின் மனித உருவ ரோபோ பெண்ணுக்கு விடுதலையா, விலங்கா?’ என்பது இன்றைய தலைப்பு. விலங்கு என்னும் அணியில் நான் பேச வந்திருக்கிறேன்.

தலைப்புக்குள் நுழையுமுன் தீர்க்க வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது. எங்கள் அணித் தலைவர், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பணியாற்றிய மானிடவியல் பேராசிரியர் ஜெனிஃபர் ராபர்ட்சனின் ஆய்வுகளைச் சான்றாக வைத்தார். எனக்கு முன் பேசிய எதிரணி அண்ணன் அந்தச் சான்றை ஒரே மூச்சில் தள்ளிவிட்டார். “ஊர்த் திருவிழாவைப் பார்த்து ஒரு நூல் எழுதினார், பெண்கள் ஆண்வேடம் கட்டும் நாடகக் கொட்டகையில் உட்கார்ந்து இன்னொரு நூல் எழுதினார், கொட்டகை சலித்ததும் பொம்மைக் கடைக்குள் நுழைந்துவிட்டார், கிளைக்குக் கிளை தாவியவரின் பேச்சு எப்படிச் சாட்சியமாகும்?” என்று கேட்டார். அரங்கம் அதிரக் கைதட்டினீர்கள். சொல்நயத்துக்காக நானும் தட்டினேன். ஆயினும் ஒருவரின் வாழ்நாள் உழைப்பை ஒரு கைதட்டலுக்கு விற்றுவிட என் மனம் ஒப்பவில்லை. ஆகவே, நடுவர் அவர்களே, எனக்குத் தரப்பட்ட நேரத்தில் பெரும்பகுதியை இந்த ஒரு கேள்விக்கே செலவிட அனுமதி கேட்கிறேன்.

டோக்கியோவின் மேற்குப் புறத்தில் கொடைரா என்றொரு நகரம் இருக்கிறது. ராபர்ட்சன் சிறுமியாக வாழ்ந்த ஊர் அது. வளர்ந்த பின் அதே ஊருக்கு ஆய்வாளராகத் திரும்பி வந்தார். 1985-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். 1991-இல் அந்த ஊரைப் பற்றிய நூலை வெளியிட்டார். சில நூற்றாண்டுகளுக்கு முன், எடோ காலத்தில், தரிசைத் திருத்திக் குடியேறிய உழவர்களின் வழிவந்தோர் ஒரு புறமும், இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்து சேர்ந்த சம்பளக்காரக் குடும்பங்கள் மறுபுறமுமாக வாழும் அந்த ஊரில், ‘இந்த ஊர்க்காரர் யார், வந்தேறி யார்’ என்ற கோடு எப்படிக் கிழிக்கப்படுகிறது என்று பார்த்தார். ஜப்பானியர் சொந்த ஊரை ‘ஃபுருசாதோ’ என்பார்கள். அந்தச் சொல்லைச் சொன்னதும் மலையும் வயலும் மட்டும் அவர்கள் நினைவுக்கு வருவதில்லை, அடுப்படியில் காத்திருக்கும் அம்மாவும் வருகிறாள். நகரங்கள் ஃபுருசாதோவைத் திட்டமிட்டுக் கட்டும்போது அந்த அம்மாவையும் அடுப்படியிலேயே சேர்த்துக் கட்டிவிடுகின்றன என்பதை அவர் கவனித்தார். அண்ணன் திருவிழா என்று சொன்னது இதைத்தான்.

அடுத்தது கொட்டகை. ஹியோகோ மாநிலத்தின் தக்கராசுக்கா, ரயில் பாதை முடியும் இடத்தில் இருந்த வெந்நீர் ஊற்று ஊர். ரயில் அதிபர் கொபாயாஷி இச்சிசோ பயணிகளை இழுக்க அங்கே ஒரு நீச்சல்குளம் கட்டினார், அது ஓடவில்லை. குளத்தின் மேல் பலகை பரப்பி அரங்கமாக்கினார். 1913-இல் சிறுமியரைச் சேர்த்துப் பயிற்சி தொடங்கினார், 1914-இல் முதல் ஆட்டம் நடந்தது. அன்று முதல் இன்று வரை அங்கே மேடை ஏறுவோர் அனைவரும் மணமாகாத பெண்கள். உயரம், முகவெட்டு, குரல், சுபாவம், அவரவர் விருப்பம் ஆகியவற்றை அளந்து, ‘நீ ஆண்பாத்திரம், நீ பெண்பாத்திரம்’ என்று பயிற்சிக் காலத்திலேயே பிரித்துவிடுகிறார்கள். ஆண்பாத்திரம் ஏற்பவள் முடியைக் கத்தரித்து, குரலைத் தாழ்த்தி, கால்களை அகல வைத்து நடக்கக் கற்கிறாள். பெண்பாத்திரம் ஏற்பவளோ, பிறப்பால் பெண்ணாகவே இருந்தும், பெண்ணாக இருக்கப் பயிற்சி பெறுகிறாள். அவையோர் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும். பெண்மை பிறவியோடு வருவதென்றால் ஒரு பெண்ணுக்கு அதைச் சொல்லிக் கொடுக்கப் பள்ளிக்கூடம் எதற்கு? பிறப்பில் ஒட்டிய பாலினத்துக்கு மேல் நிறுவனம் ஒட்டும் இந்த இரண்டாவது பாலினத்தைத்தான் ராபர்ட்சன் 1998-இல் வெளிவந்த நூலில் விரித்துக் காட்டினார். மேடையில் ஆணாக நின்று பல்லாயிரம் பெண் ரசிகைகளின் உள்ளத்தைக் கவர்ந்தவளும், ஆட்டம் முடிந்தால் நல்ல மனைவியாக, அறிவுள்ள தாயாக வீடு திரும்ப வேண்டும் என்பதே நிறுவனரின் கருத்து.

இதற்கும் ரோபோவுக்கும் என்ன உறவு என்பீர்கள். 2009-இல் ஜப்பானின் தேசியத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் ஒரு பெண் ரோபோவை அறிமுகப்படுத்தியது. அதன் உயரம் 158 சென்டிமீட்டர்; எடை, மின்கலத்தையும் சேர்த்து, 43 கிலோ. இளம் ஜப்பானியப் பெண்களின் சராசரி உடல் அளவைக் கொண்டு செய்தோம் என்றார்கள். இரும்புக்கும் பிளாஸ்டிக்குக்கும் கருப்பை இல்லை, மீசையும் முளைப்பதில்லை. அப்படியிருக்க, ‘இது பெண், இதற்கு இடை இவ்வளவு, குரல் இப்படி’ என்று வகுத்தவர் யார்? வகுத்த பொறியாளர்கள் தங்கள் வீட்டிலும் தெருவிலும் கண்ட பழக்கத்தையே அறிவியல் என்று எண்ணி உலோகத்தில் வார்த்துவிட்டார்கள் என்று ராபர்ட்சன் காட்டினார். தக்கராசுக்காவில் உயரம் அளந்து பால் ஒட்டியதைக் கண்டவருடைய கண்தான் ஆய்வகத்தில் அதே அளவுகோலை அடையாளம் கண்டது. இடையில் 1931-இல் நடந்த ‘மிஸ் நிப்பான்’ போட்டியையும் அவர் ஆராய்ந்திருக்கிறார். தேசத்துக்கு ஏற்ற பெண்ணுடல் எது என்று அளந்து தேர்ந்த போட்டி அது. ஊரில் தொடங்கி, மேடையிலும் போட்டியிலும் தொடர்ந்து, ஆய்வகம் வரை அவர் சுமந்து சென்றது ஒரே கேள்வியைத்தான்: ஓர் உடலைப் பார்த்து ‘நீ இன்னார், உன் இடம் இது’ என்று எழுதும் கை யாருடையது? அண்ணன் கிளை தாவினார் என்றார். அவர் வேரைப் பிடித்து நடந்தவர்.

ரோபோ பாத்திரம் கழுவினால் பெண்ணுக்கு ஓய்வு என்றும் அண்ணன் சொன்னார். 2007-இல் பிரதமர் ஷின்சோ அபேயின் அரசு ‘இன்னோவேஷன் 25’ என்ற தொலைநோக்குத் திட்டத்தை வெளியிட்டபோது, 2025-இல் ஜப்பானியக் குடும்பம் எப்படி வாழும் என்று காட்ட ‘இனோபே’ என்றொரு கற்பனைக் குடும்பத்தையும் படைத்தது. மூன்று தலைமுறை ஒரே கூரையின்கீழ் வாழ்கிறது. வீட்டு வேலைக்கு இனோபே-குன் என்ற ரோபோ இருக்கிறது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2005-இல், நாட்டின் கருவள விகிதம், அதாவது ஒரு பெண் சராசரியாகப் பெறும் குழந்தைகளின் எண்ணிக்கை, 1.26 என்று சரிந்து அரசைக் கலங்க வைத்திருந்தது. வேலைக்குப் போன பெண்ணை மீண்டும் குழந்தை பெறும் வீட்டுக்குள் அழைக்க ரோபோ தூது அனுப்பப்பட்டது என்பது ராபர்ட்சனின் வாசிப்பு. பழமையைக் காக்கப் பாடுபடும் புதுமை என்பது அவர் கண்ட முடிவு. இதற்கு மேல் நான் கூட்டவில்லை.

இப்போது நான் வரவேண்டிய இடத்துக்கு வந்துவிட்டேன். தலைப்பில் உள்ள விலங்கு காலில் மாட்டும் விலங்கு. நான் சொல்லப்போவது கடலில் நீந்தும் விலங்கைப் பற்றி.

2002 ஆகஸ்டில் டோக்கியோவின் தாமா ஆற்றில் ஒரு கடல்நாய் தலை தூக்கியது. குளிர்ப் பனிக்கடலில் இருக்க வேண்டிய தாடிக் கடல்நாய் வழி தவறி வந்திருந்தது. நாடே அதன் பின்னால் ஓடியது. தாமா-சான் என்று செல்லப் பெயர் வைத்தார்கள். தொலைக்காட்சிகள் காத்துக் கிடந்தன, பாலத்தின் மேல் குழந்தைகள் குவிந்தார்கள். அது யோகோஹாமாவின் நிஷி வட்டத்து ஆற்றுக்கு இடம் மாறியது. 2003 பிப்ரவரியில் அந்த வட்ட நிர்வாகம் அதற்கு ‘நிஷி தாமாவோ’ என்று முழுப் பெயர் சூட்டி, சிறப்புக் குடியிருப்புச் சான்றிதழ் வழங்கியது. அதே ஊரில் ஆண்டுக்கணக்காக வேலை செய்து, வரி கட்டி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருந்த அயல்நாட்டவருக்கு அந்தச் சான்றுப் பதிவில் அன்று இடமில்லை. அது அவர்களுக்குத் திறந்தது 2012 ஜூலையில்தான். அவர்களில் சிலர் என்ன செய்தார்கள் தெரியுமா, நடுவர் அவர்களே? முகத்தில் மீசை வரைந்துகொண்டு, கடல்நாய் வேடத்தில் வந்து, ‘எங்களுக்கும் பதிவு தாருங்கள்’ என்று கேட்டார்கள். மனிதர்கள் தங்களை மனிதர்களாகக் காட்டி முடியாமல், விலங்காகக் காட்டிக் கேட்டார்கள்!

கதை அங்கே முடிந்திருக்கலாம். ஏழு ஆண்டுகள் கழித்து இரண்டாவது கடல்நாய் ஒன்று பதிவுக்கு வந்தது. இது ஆற்றில் வரவில்லை, ஆய்வகத்தில் பிறந்தது. பாரோ என்று பெயர், வெண்மயிர்க் குட்டி வடிவில் ஒரு ரோபோ, தடவினால் கண் சிமிட்டும், குரல் கொடுக்கும். நினைவு மங்கிய முதியவர்களின் மடியில் அது தரும் ஆறுதலை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். 2010 நவம்பர் 7 அன்று தொயாமா மாநிலத்தின் நான்டோ நகர மேயர் அதற்கு ஒரு கோசெக்கியை வழங்கினார். தந்தை என்ற இடத்தில் அதை உருவாக்கிய ஷிபாதா தகானோரியின் பெயர். பிறந்த நாள் 2004 செப்டம்பர் 17.

கோசெக்கி என்றதும் நம் குடும்ப அட்டையை நினைத்துவிடாதீர்கள். 1872 முதல் நடைமுறையில் உள்ள குடும்பப் பதிவேடு அது. பிறப்பும் திருமணமும் இறப்பும் அதில் ஏறும்; ஒருவர் ஜப்பானியர் என்பதற்குச் சான்று அதுதான். கணவன், மனைவி இருவரும் ஒரே குடும்பப் பெயரில் இருக்க வேண்டும் என்பது சட்டம். நூற்றுக்கு ஏறக்குறைய தொண்ணூற்றைந்து வீடுகளில் பெயரை விடுபவள் மனைவி. ஜப்பானியரை மணந்த அயல்நாட்டவருக்குத் தனிப் பதிவேடு கிடையாது, துணைவரின் பதிவேட்டில் ஒரு குறிப்பாக மட்டும் வருவார். நான்கு தலைமுறையாக அங்கேயே பிறந்து வளர்ந்த கொரிய வம்சாவளியினரும் குடியுரிமை மாறாதவரை வெளியேதான். பாரோவுக்குத் தரப்பட்டது அன்பின் அடையாளம், சட்டப்படி செல்லுபடியாவதில்லை என்று அண்ணன் எழுந்து சொல்லலாம். ஒப்புக்கொள்கிறேன். அன்பு எந்தப் பக்கம் எளிதாகப் பாய்கிறது என்பதை அந்தத் தாள் காட்டிவிட்டது. எனக்கு அது போதும். இந்தத் தாளைக் கையில் எடுத்து, மனித உரிமையையும் ரோபோவின் உரிமையையும் அருகருகே வைத்து எழுதியவரைத்தான் பொம்மைக் கடைக்குள் நுழைந்தவர் என்கிறார் அண்ணன்.

அதே 2010-ஆம் ஆண்டில் இன்னொன்றும் நடந்தது. முதியோரைப் பார்க்கக் கை போதவில்லை என்று, ஒப்பந்தத்தின்பேரில் 2008 முதல் இந்தோனேசியாவிலிருந்தும் 2009 முதல் பிலிப்பைன்ஸிலிருந்தும் செவிலியர்களை ஜப்பான் வரவழைத்திருந்தது. சொந்த நாட்டில் படித்துத் தேறிய செவிலியர்கள் அவர்கள். ஆயினும் ஜப்பானிய மொழியில் தேசியத் தேர்வு எழுதித் தேறாவிட்டால் ஊர் திரும்ப வேண்டும். 2009-இல் 82 பேர் எழுதினார்கள், ஒருவரும் தேறவில்லை. 2010-இல் 254 பேர் எழுதி 3 பேர் தேறினார்கள்.

அவர்களைத் தடுக்கி விழவைத்த சொற்களில் ஒன்றைச் சொல்கிறேன். படுக்கைப்புண்ணுக்கு ஜப்பானியர் வீட்டில் பேசும் சொல் ‘தொக்கோசுரே’. தேர்வுத் தாளில் வந்ததோ ‘ஜொக்குசோ’; படித்த ஜப்பானியரே எழுதத் திணறும் இரண்டு கடினமான எழுத்துகள். எழுந்திருக்க முடியாத ஒரு மூதாட்டியின் முதுகைப் புரட்டி, புண்ணைக் கழுவி, மருந்திட்டு, துணி மாற்றி, அவள் முனகும்போது நெற்றியைத் தடவிக் கொடுத்தவள் அந்தச் செவிலி. ஜாவாவிலோ மணிலாவிலோ தன் தாயைப் பிறர் கையில் விட்டுவிட்டு வந்தவள். இரவில் விழித்து அந்தப் புண்ணைத் தன் விரலால் அறிந்தவளுக்கு, பகலில் தேர்வு அறையில் அந்தப் புண்ணின் பெயரைப் படிக்க முடியவில்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பினாள். மூதாட்டியின் மடியில் பாரோ கண் சிமிட்டுகிறது. அதை மடியில் வைக்க, நழுவினால் எடுத்துத் தர, இரண்டு மணிக்கு ஒருமுறை அந்த முதுகைப் புரட்டிப் படுக்க வைக்க, யாரோ ஒரு பெண் வேண்டியிருக்கிறது.

நடுவர் அவர்களே, நான்டோ நகரத்து அந்தப் பதிவேட்டில் கடல்நாயின் தந்தைக்கு ஒரு கட்டம் கிடைத்தது. முதுகைப் புரட்டிய அந்தப் பெண்ணின் பெயரை எந்தக் கட்டத்தில் எழுதுவார்கள் என்று அடுத்து வரும் எதிரணிப் பேச்சாளர் சொல்லட்டும். கேட்பதற்காக அமர்கிறேன்.