நீரின் வேதியியலும் நுண்ணுயிர்ச் சமூகங்களும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

மாசுபட்ட நீரில் எந்த நுண்ணுயிர் தழைக்கும், எது மடியும் என்பதை அறிய விரும்புவோர், அந்நீரின் அமிலத்தன்மை எவ்வளவு, அதில் கரைந்துள்ள உப்புகளும் உலோகங்களும் யாவை, ஆக்சிஜன் எஞ்சியிருக்கிறதா என்பவற்றையே முதலில் அளந்து பார்க்க வேண்டும். ஆனால் அவ்வுயிர்களும் நீரைத் தம் போக்கில் மாற்றிக்கொண்டே இருக்கின்றன. இந்த இருவழி உறவே இன்று நான் வலியுறுத்த வந்த செய்தி.

ஸ்பெயினில் செந்நிறமாக ஓடும் ரியோ டின்டோ ஆற்றை எடுத்துக்கொள்வோம். பைரைட் எனும் இரும்புச் சல்பைடு கனிமம் காற்றும் நீரும் பட்டுச் சிதையும்போது கந்தக அமிலமும் பெர்ரஸ் இரும்பும் வெளிப்படுகின்றன. கடும் அமில நீரில் பெர்ரஸ் இரும்பு, எலக்ட்ரான் ஒன்றை இழந்த வடிவமான பெர்ரிக் இரும்பாகத் தானே மாறுவது மிக மெதுவாகவே நிகழும். அசிடிதயோபேசில்லஸ், லெப்டோஸ்பிரில்லம் முதலிய பாக்டீரியாக்களோ அந்த மாற்றத்திலிருந்தே தமக்கு வேண்டிய ஆற்றலைப் பெறுவதால், அதனைப் பத்து லட்சம் மடங்கு வரை விரைவுபடுத்திவிடுகின்றன. அவ்வாறு உருவாகும் பெர்ரிக் இரும்பு மீண்டும் பைரைட்டைத் தாக்க, அமிலம் மேலும் பெருகி, அதைத் தாங்க இயலாத உயிர்கள் விலகிப்போகின்றன.

இதன் உச்சத்தைக் கலிபோர்னியாவின் அயர்ன் மவுண்டன் சுரங்கத்தில் காணலாம். அங்குள்ள நீரில், குறையக் குறைய அமிலத்தன்மை கூடுவதைக் காட்டும் பி.எச். அளவு சுழியத்துக்கும் கீழே, -3.6 வரை பதிவாகியுள்ளது. அச்சுரங்கத்தின் அமிலக் குட்டைகளின் மேல் இளஞ்சிவப்பு நிறத்தில் மெல்லிய உயிர்ப்படலம் மிதக்கிறது. அதில் வாழும் இனங்கள் மிகச் சிலவே என்பதால்தான், ஜில்லியன் பான்ஃபீல்டும் அவருடைய குழுவினரும், எதையும் ஆய்வகத்தில் தனியே வளர்க்காமல், படலத்திலிருந்து நேரடியாக எடுத்த டி.என்.ஏ.வைக் கொண்டே முதன்மையான இரு இனங்களின் மரபணுத் தொகுதிகளை ஏறத்தாழ முழுமையாக மீட்டெடுத்து 2004-இல் வெளியிட்டனர். வேதிச் சூழல் இத்தனை கடுமையாக இல்லாதிருந்தால், அன்றைய கருவிகளுக்கு அது எட்டியிருக்காது என்பது என் கருத்து.

தூய்மைப்படுத்தும் பணிக்கும் இவ்வுறவு பொருந்தும். கொலராடோவின் ரைஃபில் என்னுமிடத்தில், யுரேனியம் கலந்த நிலத்தடி நீருக்குள் ஆய்வாளர்கள் அசிட்டிக் அமிலத்தின் உப்பான அசிட்டேட்டைச் செலுத்தினர். அதை உண்டு பெருகிய ஜியோபேக்டர் என்னும் பாக்டீரியா, இரும்பை ஒடுக்கியதோடு, அதாவது அதற்கு எலக்ட்ரான்களைக் கொடுத்ததோடு, கரைந்திருந்த யுரேனியத்தையும் கரையாத வடிவுக்கு மாற்றியது. நீரில் அதன் அளவு குறைந்தது. பின்னர் எளிதில் கிடைத்த பெர்ரிக் இரும்பு தீர்ந்ததும் சல்பேட்டை ஒடுக்கும் பாக்டீரியாக்கள் மேலோங்கின. யுரேனிய நீக்கமும் தளர்ந்தது. ஆகவே இத்தகைய பணியில் கிணற்று நீரின் இரும்பு, சல்பேட், அசிட்டேட் அளவுகளையும் அதிலுள்ள உயிரினங்களையும் ஒரே மாதிரியிலிருந்து, தொடர்ந்து அளந்து வருவது இன்றியமையாதது.