சுட்ட நொடியைக் கேளுங்கள்

நண்பர்களே, சட்டம் படிக்கிற பிள்ளைகள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள், அதனால் நேராக விஷயத்துக்கே போகிறேன். ஏதாவது ஒரு என்கவுன்டர் செய்தியை எடுத்துப் பாருங்கள். பிரபல ரவுடி, பல கொலை வழக்குகள் நிலுவையில், பிடிக்கப் போன போலீஸாரை அரிவாளால் வெட்டிவிட்டுத் தப்ப முயன்றபோது தற்காப்புக்காகச் சுட்டதில் உயிரிழந்தார் என்று போகும். அதில் பெரும்பகுதி இறந்தவர் முன்பு என்னவெல்லாம் செய்தார் என்பதுதான். சட்டம் கேட்பது வேறு. சுட்ட அந்த நொடியில் அவரால் யாருடைய உயிருக்காவது ஆபத்து இருந்ததா, சுடுவதை விட்டால் வேறு வழியே இல்லையா? அவர் மீது 30 வழக்கு இருந்தாலும் சரி, ஒன்றுகூட இல்லாவிட்டாலும் சரி, கேள்வி இதேதான்.

எந்தப் பிரிவு என்று கேட்பீர்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 46, 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 43. கைது செய்யப் போகும்போது ஆள் எதிர்த்தாலோ தப்பப் பார்த்தாலோ, பிடிப்பதற்குத் தேவையான எல்லா வழிகளையும் போலீஸ் கையாளலாம் என்று அது சொல்கிறது. சொல்லிவிட்டு, மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றம் சாட்டப்படாத ஒருவருக்கு மரணம் விளைவிக்க இந்தப் பிரிவு உரிமை தராது என்று ஒரு வரம்பும் கட்டுகிறது. இந்த வரம்பைத் தலைகீழாகப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள், வக்கீல்களே சிலர் இருக்கிறார்கள்: அப்படியானால் கொலை வழக்கில் தேடப்படுபவரைச் சுட்டுவிடலாம்தானே என்று. சுடலாம் என்று அங்கே எழுதவே இல்லை. பிடிப்பதற்குத் 'தேவையான' வழி என்ற முதல் நிபந்தனை அவருக்கும் உண்டு. விலங்கு மாட்டி ஜீப்பில் உட்கார வைத்த ஆளைச் சுடுவதற்கு எந்தத் தேவையும் இருக்க முடியாது.

2012-ல் ஓம் பிரகாஷ் எதிர் ஜார்க்கண்ட் அரசு வழக்கில், பயங்கரமான குற்றவாளி என்பதற்காக மட்டுமே ஒருவரைக் கொல்வது போலீஸின் கடமை இல்லை, கைது செய்து விசாரணைக்கு நிறுத்துவதுதான் கடமை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இத்தனைக்கும் அந்த வழக்கில் தீர்ப்பு போலீஸாருக்குச் சாதகமாகத்தான் வந்தது.

அடுத்தது தற்காப்பு. போலீஸுக்கென்று தனியாக ஒரு பெரிய தற்காப்பு உரிமை சட்டத்தில் இருப்பதாகப் பலர் நம்புகிறார்கள். கிடையாது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தருவது, உங்களுக்கும் எனக்கும் இருக்கிற அதே உரிமை. உயிர் போகும், பலத்த காயம் படும் என்ற நியாயமான அச்சம் இருந்தால் எதிராளியின் உயிர் போகும் அளவுக்குக்கூடப் போகலாம். ஆனால் தற்காத்துக்கொள்ளத் தேவையானதற்கு மேல் ஒரு அடிகூட அதிகம் அடிக்கக் கூடாது. கையிலிருந்த அரிவாள் கீழே விழுந்துவிட்டது, ஆள் திரும்பி ஓடுகிறார் என்றால் அந்த உரிமையும் அங்கேயே முடிந்துபோகிறது. தற்காப்புக்காகத்தான் சுட்டேன் என்பவர்தான் அதை நீதிமன்றத்தில் காட்ட வேண்டும், பத்திரிகைக் குறிப்பு கொடுத்தால் போதாது. நள்ளிரவில் நிஜமாகவே வெட்டுப்பட்டு, உயிர் பிழைக்கச் சுட்ட ஒரு ஏட்டுக்குச் சட்டம் முழுத் துணையாக நிற்கும், நிற்கவும் வேண்டும். அவர் சொல்வது உண்மை என்று ஊருக்குத் தெரிவதற்கும் ஒழுங்கான விசாரணை ஒன்றுதான் வழி.

அந்த விசாரணை எப்படி நடக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014 செப்டம்பர் 23-ல், மும்பை என்கவுன்டர்கள் பற்றி பி.யூ.சி.எல். என்ற மனித உரிமை அமைப்பு தொடர்ந்த வழக்கில், 16 நெறிமுறைகளாக எழுதிவைத்திருக்கிறது. நீதிபதிகள் ஆர்.எம். லோதா, ரோஹின்டன் நாரிமன். ஆள் இங்கே இருக்கிறார் என்று தகவல் வந்தால் அதை முதலிலேயே எழுத்தில் பதிய வேண்டும். துப்பாக்கிச் சூட்டில் மரணம் நேர்ந்தால் எஃப்.ஐ.ஆர். கட்டாயம். புலனாய்வைச் சுட்ட குழுவே செய்யக் கூடாது, சி.ஐ.டி.யோ வேறு காவல் நிலையத்தின் குழுவோ மூத்த அதிகாரியின் கீழ் செய்ய வேண்டும். மாஜிஸ்திரேட் விசாரணையும் உண்டு. சுட்டவர் துப்பாக்கியைத் தடயவியல் சோதனைக்கு ஒப்படைக்க வேண்டும். மாவட்ட மருத்துவமனையில் இரண்டு மருத்துவர்கள் பிரேதப் பரிசோதனை செய்து, அதை வீடியோ எடுத்துப் பாதுகாக்க வேண்டும். குண்டு முன்னால் நுழைந்ததா முதுகில் நுழைந்ததா, அரிவாள் என்று காட்டப்படும் பொருளில் இறந்தவரின் கைரேகை இருக்கிறதா, தோலில் வெடிமருந்துத் துகள் இருக்கிறதா, இதெல்லாம் அந்த முதல் ஒன்றிரண்டு நாட்களில் பதிவானால்தான் உண்டு. சம்பவம் முடிந்த கையோடு பதவி உயர்வும் வீரப் பதக்கமும் தரக் கூடாது என்பதும் நெறிமுறைதான்.

ஹைதராபாத்தை இங்கே சொல்லியே ஆக வேண்டும். 2019 டிசம்பர் 6 அதிகாலை, கால்நடை மருத்துவர் ஒருவரை வன்கொடுமை செய்து கொன்றதாகக் கைதான நான்கு பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. மக்கள் போலீஸார் மீது பூத்தூவினார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது, அந்தக் கொடூரத்தைக் கேட்டு யாருக்குத்தான் வயிறு எரியாது? ஆனால் உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம், அந்த நால்வரும் துப்பாக்கியைப் பறித்தார்கள் என்று போலீஸ் சொன்ன கதை நம்பத்தக்கதல்ல, கொல்லும் நோக்கத்துடனேயே சுட்டிருக்கிறார்கள் என்று கண்டு, பத்துப் போலீஸார் மீது கொலை வழக்கு நடத்தப் பரிந்துரைத்தது. நால்வரில் மூன்று பேர் சிறார்கள் என்றும் சொன்னது. அவர்கள்தான் அந்தக் குற்றத்தைச் செய்தார்களா என்று இனி எந்த நீதிமன்றமும் தீர்மானிக்க முடியாது. அந்தப் பெண்ணின் குடும்பத்துக்கும்தான் இது இழப்பு.

கூட்டத்தைக் கலைக்கச் சுடுவதற்கும் வரிசை இருக்கிறது: எச்சரிக்கை, கண்ணீர்ப்புகை, தடியடி, எதுவும் பலிக்காமல் உயிருக்கு ஆபத்து வந்தால் மட்டுமே துப்பாக்கி, அதுவும் தாழ்த்திக் குறிபார்த்து. தூத்துக்குடியில் 2018 மே 22 ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தில் நடந்தது என்ன? மறுநாள் நடந்த சூட்டையும் சேர்த்து 13 பேர் செத்தார்கள். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம், சுடுவதற்கான சூழலே அங்கு இல்லை, ஓடிக்கொண்டிருந்தவர்கள் மீதும் சுட்டார்கள் என்று சொல்லி 17 போலீஸார் மீது நடவடிக்கைக்குப் பரிந்துரைத்தது. சட்டசபையில் அறிக்கை வைத்தது 2022-ல்.

நாளைக்கு நீங்கள் வக்கீலாகி இப்படிப் போலீஸ் சுட்டு இறந்த ஒருவரின் வீட்டுக்குப் போனால், இறந்தவர் நல்லவரா கெட்டவரா என்ற வாதத்துக்குள் இறங்காதீர்கள். எஃப்.ஐ.ஆர். நகலையும் பிரேதப் பரிசோதனை வீடியோவையும் கேளுங்கள், புலனாய்வு அதிகாரி எந்த நிலையத்தவர் என்று பாருங்கள். நெறிமுறை மீறப்பட்டிருந்தால் குடும்பத்தார் நேராக அந்தப் பகுதி அமர்வு நீதிபதியிடமே புகார் கொடுக்கலாம் என்று அதே 2014 தீர்ப்பு சொல்கிறது. மனுவை எழுதிக் கொடுத்து அவர்களுடன் கூடவே போங்கள்.