மாமா வேலைதான், இப்ப என்னங்கிறீங்க?

நடுவர் அவர்களே, எதிரணி அண்ணன்மாரே, அம்மன் கொடைக்கு வந்து மணல்ல உட்கார்ந்திருக்கிற தாய்மாரே, எல்லாருக்கும் வணக்கம். எட்டு நிமிஷத்துல இதுக்கு மேல வணக்கம் கட்டுப்படியாகாது.

‘நடுவுல நிக்கிறவருக்குத் தமிழ் வச்ச பேரு பெருமையா, இழிவா?’ இதான் தலைப்பு. இழிவுன்னு தீர்ப்பு சொல்லிராதீங்க நடுவரே. ரெண்டு அணிக்கும் நடுவுல உட்கார்ந்திருக்கிறது நீங்கதான்!

தூது போறவங்களுக்குத் தொல்காப்பியம் வச்ச பேரு ‘வாயில்’. தோழி, பாங்கன், பாணன், விறலின்னு மொத்தம் பன்னிரண்டு பேரு. ரெண்டு மனசுக்கு நடுவுல வாசப்படி மாதிரி நிக்கிற ஆளு. திருவாரூர்ல சுந்தரருக்காக, கோவிச்சுக்கிட்டிருந்த அவர் மனைவி பரவையார் வீட்டுக்கு ராத்திரியில நடையா நடந்தது யாரு? சிவபெருமான்! அதியமானுக்காகத் தொண்டைமான்கிட்ட தூது போனது ஔவையார். வெள்ளைக்காரன் காலத்துல ரெண்டு பாஷை பேசி நடுவுல நின்னவர் துபாஷி. பச்சையப்ப முதலியார் துபாஷிதான். அவர் விட்டுப்போன காசுலதான் 1842-ல பள்ளிக்கூடம் வந்து, பின்னால அது கல்லூரியாச்சு. தோட்ட வேலைக்கு ஆள் பிடிச்ச கங்காணியைப் பத்தி எதிரணி சொன்னது நெசம். முன்பணத்தைக் காட்டி நம்ம சனத்தைக் கடல் தாண்டி மலையேத்தின ஆளுக்கு நான் வக்காலத்து வாங்கல. அதை விட்ருவோம்.

தரகருக்கு வாரேன். எங்க ஊர்ல மாட்டுத் தரகர் ஒருத்தர். கல்யாணத் தரகரும் அவர்தான். தனியா ஆளு வைக்க ஊருக்கு வசதி இல்ல. மாப்பிள்ளை பாக்கப் போனா முதல்ல பல்லைத்தான் பாப்பாரு. ‘நாலு பல்லு, நல்ல வயசு’ம்பாரு. சுழி பாக்கச் சட்டையைக் கழத்தச் சொல்லாம விட்டாரே, அதுவே பெரிய மனசு!

எங்கக்காவுக்கு நகை பேச்சு. சபையில வாய் விட்டுச் சொன்னா மரியாதை இல்லன்னு, சந்தையில விரலால மாட்டு விலை பேசுற மாதிரியே துண்டைப் போட்டு எங்கப்பா கையைப் பிடிச்சாரு. துண்டுக்குள்ள அஞ்சு விரலை அமுக்குனாரு. அஞ்சு பவுன்னு அர்த்தம். எங்கப்பா வாத்தியாரு, மாட்டைக் கண்டாரா, சந்தையைக் கண்டாரா? பொண்ணு பிரியப்போறதுக்கு ஆறுதல் சொல்றாருன்னு நெனைச்சுட்டாரு. கண்ணு கலங்கிருச்சு. அந்த மனுசன் கையை ரெண்டு கையாலயும் சேர்த்துப் பிடிச்சு ஒரு அமுக்கு.

பத்து பவுன்!

தரகருக்கே மூச்சு நின்னுபோச்சு. ‘வாத்தியாரே, யோசிச்சுக்கோங்க’ன்னு மறுபடி அஞ்சு விரலை அமுக்குறாரு. இவரு, ‘என்ன பாசம்யா இந்த மனுசனுக்கு’ன்னு மறுபடி ரெண்டு கையால ஒரு அமுக்கு. எதிர்ல மாப்பிள்ளை வீட்டுக்காரங்க ‘இருபதா?’ன்னு விரல் விட்டு எண்ணுறாங்க! இன்னைக்கும் எங்க அத்தான் கை குடுக்க வந்தா எங்கப்பா தூரத்துலேயே கும்பிட்டுருவாரு.

ஆனா, மறுநாள் விடியுமுன்னே அந்தத் தரகர் மாப்பிள்ளை வீட்டுக்குப் போயி, ‘தப்பு என் விரலோடது, வாத்தியாரோடது இல்ல’ன்னு சொல்லி அஞ்சு பவுனுக்கே பேச்சை முடிச்சுட்டு வந்தாரு. தரகு ஒத்தைப் பைசா வாங்கல.

இப்ப எதிரணி அண்ணனுக்கு வாரேன். ‘நடுவுல போறவனுக்கு நம்ம சனம் வச்ச பேரு மாமா. மாமா வேலைன்னா என்னன்னு தங்கச்சிக்குத் தெரியாதா’ன்னு கேட்டாரு. நீங்களும் கை தட்டுனீங்க, நான் பாத்தேன். ஏன் அண்ணே, எத்தனையோ உறவு இருக்கையில அந்த வேலைக்கு மாமா பேரை ஏன் வச்சாங்க? அண்ணன் பேரை வைக்கலையே! வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவுல காலம் பூரா நடந்தவரு மாமா. அந்த நல்ல பேரைத்தான் கெட்ட வேலைக்குத் திருடிட்டுப் போயிட்டாங்க. திருடினவனை விட்டுட்டுப் பறிகொடுத்தவரை ஏன் திட்டுறீங்க?

எனக்குத் தெரிஞ்ச மாமா வேலையைச் சொல்றேன். எங்கம்மா பிடிச்சவரைக் கட்டிக்கிட்டு வந்தவங்க. எங்க தாத்தா ஒம்பது வருசம் பேசல. எங்க தாய்மாமா மாசம் ஒரு தடவை சைக்கிள் மிதிச்சு வருவாரு. ஹேண்டில்ல முருங்கைக்காய் தொங்கும். ‘அக்கா, அப்பா உன்னைக் கேட்டாரு’ம்பாரு. அங்க போயி, ‘அப்பா, அக்கா உங்களைக் கேட்டா’ம்பாரு. அங்கயும் கேட்கல, இங்கயும் கேட்கல. ஒம்பது வருசமும் மாமா சொன்னது அத்தனையும் பொய்.

எனக்குக் காது குத்து. மாமா மடியில நான் உட்கார்ந்திருக்கேன். வாசல்ல தாத்தா வந்து நிக்காரு. எங்கம்மா பேச்சு வராம நிக்கா. தாத்தாதான் கேட்டாரு, ‘வரச் சொல்லி அனுப்புனியாமே?’ எங்கம்மா, ‘நீங்க வாரேன்னு சொல்லி அனுப்புனீங்களே அப்பா’ன்னா. ரெண்டு பேரும் திரும்பி மாமாவைப் பாத்தாங்க.

மாமா தலையைத் தூக்கல. ‘பிள்ளை அழப்போகுது, ஆசாரியை வரச் சொல்லுங்க’ன்னு என் காதைத் தடவிக்கிட்டே இருந்தாரு.