0-16: 2008 டெட்ராய்ட் லயன்ஸ் எங்க உடைஞ்சாங்க?

வணக்கம் மக்களே. இன்னைக்கு ஒரே ஒரு சீசனைப் பத்தி மட்டும்தான் பேசப் போறேன். 2008, டெட்ராய்ட் லயன்ஸ். 16 மேட்ச், 16 தோல்வி. என்எஃப்எல் (பந்தைக் கையில எடுத்து ஓடியும் எறிஞ்சும் ஆடற அமெரிக்கன் ஃபுட்பாலோட பெரிய லீக்) 16 மேட்ச் சீசனுக்கு மாறினது 1978-ல. அதுல இருந்து 2008 வரைக்கும் எந்த டீமும் 0-16-னு முடிச்சதே இல்ல. 1976-ல டாம்பா பே பக்கனீர்ஸ் 0-14-னு முடிச்சாங்க, ஆனா அது அப்பதான் புதுசா ஆரம்பிச்ச டீம். லயன்ஸ் அப்படி இல்ல. முந்தின வருஷம் 2007-ல பாதி சீசன்ல 6-2, கடைசியில 7-9. 2008 சீசனுக்கு முன்னாடி நடந்த நாலு பயிற்சி ஆட்டத்தையும் ஜெயிச்சிருந்தாங்க.

அந்த பயிற்சி ஆட்டத்தை யாரும் கணக்குல எடுக்காதீங்க. முக்கியமான ஆளுங்க கொஞ்ச நேரம்தான் ஆடுவாங்க, எதிர் டீம் தன்னோட நிஜ திட்டம் எதையும் வெளிய காட்டாது. பலவீனம் இருந்தாலும் அதைத் தேடிப் பிடிச்சு அடிக்க அங்க யாரும் வர்றதில்ல.

முதல்ல ஸ்கோரைப் பாருங்க. லயன்ஸ் எடுத்த புள்ளி 268, கொடுத்தது 517. மேட்சுக்குச் சராசரியா 32-க்கு மேல கொடுத்திருக்காங்க. "அதிர்ஷ்டம் இல்ல, நெருக்கமா வந்து தோத்தாங்க"ன்னு சொல்றவங்களுக்காக ஒரு கணக்கு. என்எஃப்எல்ல 8 புள்ளிக்குள்ள வித்தியாசம்னா ஒரு டச்டவுனும் (எதிர் டீமோட கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டு போனா கிடைக்கிற 6 புள்ளி), கூட 2 புள்ளியும் எடுத்து சமன் பண்ணிடலாம். அந்த மாதிரி தோல்வி எத்தனைன்னு பார்த்தா அஞ்சுதான். மின்னசோட்டாகிட்ட 12-10, 20-16, சிகாகோகிட்ட 27-23, ஹூஸ்டன்கிட்ட 28-21, வாஷிங்டன்கிட்ட 25-17. இந்த அஞ்சுல ரெண்டு அவங்க பக்கம் விழுந்திருந்தாலும் 2-14 தான். மத்த 11 மேட்ச்லயும் இடைவெளி 9-லயிருந்து 37 வரைக்கும் போகுது.

சரி, இவ்வளவு புள்ளி எப்படிப் போச்சு? என்னோட பதில் ஒண்ணுதான்: டிஃபென்ஸ் லைனோட நடு, அதாவது எதிர் டீமைத் தடுக்க முன் வரிசையில நிக்கிறவங்கள்ல நடுவுல இருக்கறவங்க. மீதி எல்லாம் அங்கிருந்து கிளம்பின விளைவு. இதைக் கொஞ்சம் பொறுமையா விளக்குறேன், ஏன்னா இதுதான் இந்த வீடியோவே.

ஹெட் கோச் ராட் மரினெல்லி. லயன்ஸுக்கு வர்றதுக்கு முன்னாடி டாம்பா பேல பத்து வருஷம் டிஃபென்ஸ் லைன் கோச். டிஃபென்ஸைக் கவனிச்ச ஜோ பேரியும் டாம்பால இருந்து வந்தவர்தான். ரெண்டு பேரும் கொண்டு வந்தது டாம்பா 2. அது எப்படி வேலை செய்யும்னா, முன்னாடி நிக்கிற நாலு பேர் மட்டும், பந்தை எறியற குவாட்டர்பேக்கை நோக்கிப் பாய்வாங்க. மீதி ஏழு பேரும் பின்வாங்கி ஆளுக்கொரு பகுதியைக் காப்பாங்க. கடைசி வரிசையில நிக்கிற ரெண்டு சேஃப்டியும் ஆழத்தை ரெண்டா பிரிச்சுக்குவாங்க. முன் வரிசைக்குப் பின்னாடி நிக்கிற நடு லைன்பேக்கர் அந்த ரெண்டு பேருக்கும் இடையில ஓடிப் போய் நடு ஆழத்தை அடைப்பார். கார்னர்பேக் ரெண்டு பேரும் ஓரத்துல குட்டிப் பாஸைப் பார்த்துக்குவாங்க.

இது நல்ல திட்டம்தான். டாம்பா இதை வெச்சு லீக்கோட இறுதிப் போட்டியான சூப்பர் பவுலே ஜெயிச்சிருக்கு. ஆனா அதுக்கு ரெண்டு நிபந்தனை இருக்கு. ஒண்ணு, அந்த நாலு பேரும் வேற உதவி இல்லாம, சுமார் மூணு நொடிக்குள்ள குவாட்டர்பேக்கை நெருங்கணும். ரெண்டு, நடுவுல நிக்கிற டேக்கிள் ரெண்டு பேரும் இடத்தை விட்டு நகரக் கூடாது. ஏன்னா இந்தத் திட்டத்துல லைன்பேக்கருங்க எடை குறைஞ்ச, வேகமான ஆளுங்க. முன்னாடி டேக்கிள் தள்ளப்பட்டுட்டா, எதிர் டீமோட முன் வரிசையில நின்னு வழி பண்ற 300 பவுண்டு கார்டு நேரா வந்து லைன்பேக்கர் மேல விழுவார். அதுக்கு மேல பந்தோட ஓடற ரன்னிங் பேக்குக்குத் தடையே இல்ல.

டாம்பால முன்னாடி வாரன் சாப், சிமியன் ரைஸ் நின்னாங்க. டெட்ராய்ட்ல யாரு? அவங்ககிட்ட இருந்த ஒரே பெரிய டேக்கிள் ஷான் ராஜர்ஸ். அவரை 2008 சீசனுக்கு முன்னாடி கிளீவ்லண்டுக்குக் கொடுத்துட்டு, லீ பாடன்ங்கிற கார்னர்பேக்கையும் ஒரு மூணாவது ரவுண்டு டிராஃப்ட் (புது ஆளுங்களை டீமுங்க வரிசையா தேர்ந்தெடுக்கற முறை) வாய்ப்பையும் வாங்கிக்கிட்டாங்க. ராஜர்ஸ் அந்த வருஷமே கிளீவ்லண்டுக்காக, நட்சத்திர வீரர்கள் ஆடற ப்ரோ பவுலுக்குத் தேர்வானார். அவரோட எடையும் ஒழுங்கும் பத்தி டெட்ராய்ட்ல புகார் இருந்தது உண்மைதான். ஆனா ஒரு டேக்கிள் போன இடத்துல இன்னொரு டேக்கிளைத்தான் நிறுத்தணும். கார்னர்பேக் எவ்வளவு நல்லவரா இருந்தாலும் அந்த ஓட்டையை அடைக்க முடியாது.

முதல் மேட்ச்லயே இது வெளிய வந்துடுச்சு. அட்லாண்டால மைக்கேல் டர்னர் 22 தடவை பந்தை எடுத்து ஓடி 220 யார்டு எடுத்தார். அதே மேட்ச்ல மேட் ரயன், அவரோட வாழ்க்கையில முதல் என்எஃப்எல் பாஸ், 62 யார்டு டச்டவுன். ஸ்கோர் 34-21. சீசன் முழுக்க எதிர் டீமுங்க ஓட்டத்துல மேட்சுக்குச் சராசரியா 172 யார்டு எடுத்தாங்க, லீக்லயே மோசம்.

இப்ப சங்கிலி எப்படிப் போகுதுன்னு பாருங்க. ஓட்டத்தை நிறுத்த முடியலன்னா கோச் என்ன பண்ணுவார்? ஒரு சேஃப்டியை முன்னாடி இறக்குவார். இறக்கினா ஆழத்துல ஒருத்தர்தான் மிச்சம். உடனே எதிர் டீம் ஓடுற மாதிரி பாவனை காட்டி நீளமா ஒரு பாஸ் போடும். இறக்கலன்னா 5 யார்டு, 6 யார்டுன்னு ஓடிட்டே இருப்பாங்க. எந்தப் பக்கம் போனாலும் அடிதான். லயன்ஸுக்கு எதிரா எதிர் குவாட்டர்பேக்குங்களோட பாஸர் ரேட்டிங் அந்த சீசன்ல 110.9. அந்த வருஷம் எல்லா எதிர் டீமும் பெரிய நட்சத்திரங்க மாதிரி பாஸ் போட்டாங்கன்னு அர்த்தம்.

இன்னொரு எண் இதோட சேர்ந்தது. 16 மேட்ச்ல லயன்ஸ் டிஃபென்ஸ் பிடிச்ச இன்டர்செப்ஷன் (எதிர் டீம் எறிஞ்ச பாஸை நாமளே பிடிக்கறது) நாலே நாலு. பலர் இதைப் பார்த்துட்டு கார்னர்பேக்குங்களைத் திட்டுறாங்க. நான் ஒத்துக்க மாட்டேன். குவாட்டர்பேக் தப்பான பாஸ் எப்ப போடுவார்? முன்னாடி ஆள் பாய்ஞ்சு வர்றப்போ, ஸ்கோர்ல பின்தங்கி அவசரத்துல இருக்கறப்போ, மூணாவது டவுன்ல (10 யார்டு போகக் கிடைக்கிற நாலு வாய்ப்புல மூணாவது) 10, 12 யார்டு வேணும்ங்கறப்போ. லயன்ஸோட ஆடறப்போ இந்த மூணு நிலைமையும் வர்றதே அபூர்வம். முன்னிலையில இருக்கார், மூணாவது டவுன்ல 2 யார்டு போதும், தன்னோட ஆளுங்க சுத்தி நின்னு காக்கற பாக்கெட்ல அமைதியா நிக்கிறார். அவர் ஏன் தப்பு பண்ணப் போறார்?

பந்தை வெச்சு ஆடற அஃபென்ஸ் பக்கமும் இதே சங்கிலிதான் இழுத்துச்சு. முதல் ரெண்டு மேட்ச்லயும் 21-0-ன்னு பின்தங்கினாங்க. அவ்வளவு பின்தங்கிட்டா ஓட்டத்தைக் கைவிட்டுப் பாஸ் மட்டும்தான் போட முடியும்னு எதிர் டீமுக்கும் தெரியும். ரெண்டாவது வாரம் கிரீன் பே மேட்சை முடிஞ்சா முழுசா பாருங்க. 21-0-ல இருந்து லயன்ஸ் எழுந்து வந்து நாலாவது குவார்ட்டர்ல 25-24-ன்னு முன்னிலை எடுத்தாங்க. அதுக்கப்புறம் கடைசி சில நிமிஷத்துல 24 புள்ளி போச்சு. ஒரு ஃபீல்டு கோல் (பந்தை உதைச்சு எடுக்கற 3 புள்ளி), ஒரு ரன் டச்டவுன், பிறகு லயன்ஸ் குவாட்டர்பேக் ஜான் கிட்னாவோட பாஸை கிரீன் பேயோட சார்லஸ் வுட்சன் பிடிச்சு ஓடி ஒரு டச்டவுன், நிக் காலின்ஸ் பிடிச்சு ஓடி இன்னொண்ணு. 48-25. ஸ்கோரை மட்டும் பார்த்தா ஒருபக்கமான மேட்ச்னு நினைப்பீங்க. பிடிச்ச முன்னிலையைக் காப்பாத்தத் தெரியாத டீம் எப்படி சிதறும்ங்கறதை அந்த ஏழெட்டு நிமிஷத்துல பார்க்கலாம்.

குவாட்டர்பேக் கதையைச் சுருக்கமா முடிச்சிடறேன். கிட்னா நாலு மேட்ச், முதுகு வலியோட சீசன் முடிஞ்சது. டான் ஆர்லோவ்ஸ்கி ஏழு. டான்டே கல்பெப்பர் அஞ்சு. கல்பெப்பர் அந்த செப்டம்பர்ல ஓய்வே அறிவிச்சிருந்தார், நவம்பர்ல கூப்பிட்டுக் கொண்டு வந்தாங்க. பயிற்சி முகாம்ல இல்லாத ஒருத்தர், சில நாள்ல புது பிளேபுக் படிச்சுட்டு களம் இறங்கணும். பாஸைப் பிடிக்கிற ரிசீவர் எந்த அடியில திரும்புவார்ங்கற பழக்கமெல்லாம் அவ்வளவு சீக்கிரம் வராது. இந்தக் குழப்பத்துக்கு நடுவுல ரிசீவர் கால்வின் ஜான்சன் 78 கேட்ச், 1331 யார்டு, 12 டச்டவுன் எடுத்திருக்கார். அவரோட மொத்த கரியர்ல இந்த சீசனுக்குக் கிடைக்க வேண்டிய மதிப்பு இன்னும் கிடைக்கலன்னு நான் நம்பறேன்.

ஆர்லோவ்ஸ்கின்னதும் எல்லாருக்கும் ஞாபகம் வர்றது அக்டோபர் 12, மின்னசோட்டா மேட்ச். லயன்ஸ் தங்களோட எண்ட் சோன் (களத்தோட கடைசிப் பகுதி) வாசல்ல மாட்டிக்கிட்டு இருந்தாங்க. ஆர்லோவ்ஸ்கி பின்வாங்கி, ஜாரெட் ஆலன் துரத்த வலது பக்கம் ஓடினார். ஓடறப்போ எண்ட் சோனோட பின் கோட்டைத் தாண்டிட்டார், அது தெரியாம ஓடிட்டே இருந்தார். விதிப்படி, பந்தோட சொந்த எண்ட் சோன்ல இருந்து கோட்டுக்கு வெளிய போனா எதிர் டீமுக்கு 2 புள்ளி. அதோட முடியல, பந்தையும் அவங்களுக்கே உதைச்சுக் கொடுக்கணும். மேட்ச் முடிஞ்சப்போ ஸ்கோர் 12-10. வித்தியாசம் சரியா அந்த 2.

ஆனா அந்த மேட்சை அந்த ஒரு ஓட்டத்தோட விடாதீங்க. அதே மேட்ச்ல பெர்னார்ட் பெரியனுக்கு 86 யார்டு பாஸ் டச்டவுன் போச்சு. நான் மேல சொன்ன ஆழம்தான். கடைசியில லீ பாடன் மேல பாஸ் இன்டர்ஃபியரன்ஸ் (பாஸைப் பிடிக்க வர்றவரை விதி மீறித் தடுக்கறது) கொடுத்தாங்க. என்எஃப்எல்ல அந்தத் தப்புக்கு, தப்பு நடந்த இடத்துக்கே பந்து போகும். தப்புன்னு நடுவர் வீசின ஒரே கொடியில 40 யார்டுக்கு மேல போச்சு, கடைசி நொடிகள்ல ரயன் லாங்வெல் ஃபீல்டு கோல் அடிச்சு முடிச்சார். அந்தக் கொடி ரொம்பக் கடுமைன்னு நிறைய பேர் சொல்றாங்க, நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

முன்னிலையில இருந்து தோத்ததும் இருக்கு. சிகாகோல இடைவேளைக்கு 23-13, அதுக்கப்புறம் லயன்ஸுக்கு ஒரு புள்ளி கூட இல்ல. டாம்பா வந்தப்போ 17-0, முடிஞ்சது 38-20. நாலு நாள் கழிச்சு தேங்க்ஸ்கிவிங். 1934-ல இருந்து டெட்ராய்ட்டோட பாரம்பரிய மேட்ச், நாடே பார்க்கும். டென்னஸி 47-10. கிறிஸ் ஜான்சன், லெண்டேல் வைட் ரெண்டு பேருமே 100 யார்டைத் தாண்டி ஓடினாங்க. திரும்பவும் அதே நடு லைன்.

இந்த நிலைமைக்கு எப்படி வந்தாங்கன்னா, ஏழு வருஷம் பின்னாடி போகணும். 2001-ல மேட் மில்லன் தலைமைக்கு வந்தார். முன்னாள் லைன்பேக்கர், அப்புறம் டிவி வர்ணனையாளர், டீமை நிர்வகிச்ச அனுபவம் கிடையாது. ஆச்சரியம் என்னன்னா அவரோட முதல் டிராஃப்ட் நல்லாவே இருந்தது. ஜெஃப் பேக்கஸ், டாமினிக் ரையோலா, ஷான் ராஜர்ஸ், மூணு பேரும் லைன் ஆளுங்க, மூணு பேரும் பல வருஷம் ஆடினாங்க. அதுக்கப்புறம் பாதை மாறிடுச்சு. 2002-ல குவாட்டர்பேக் ஜோயி ஹாரிங்டன், மூணாவது இடத்துல. 2003-ல சார்லஸ் ராஜர்ஸ், ரெண்டாவது இடம், ரிசீவர். 2004-ல ராய் வில்லியம்ஸ், ஏழாவது, ரிசீவர். 2005-ல மைக் வில்லியம்ஸ், பத்தாவது, மறுபடி ரிசீவர்.

அந்த 2005-ல நிறுத்திப் பாருங்க. பதினொண்ணாவது இடத்துல டல்லாஸ் எடுத்தது டிமார்கஸ் வேர். பன்னிரண்டாவது சான் டியகோ, ஷான் மெரிமன். ரெண்டு பேருமே குவாட்டர்பேக்கை வேட்டையாடறவங்க. டிஃபென்ஸுக்கு ஆள் பாயணும்னு தேவைப்படற டீம், அந்த ரெண்டு பேரையும் தாண்டி ரிசீவரை எடுத்துச்சு.

அப்போ இருந்த சம்பள முறையும் இதுல சேர்ந்துக்கிச்சு. 2011-க்கு முன்னாடி புது ஆளுங்க சம்பளத்துக்கு இறுக்கமான அளவுகோல் கிடையாது. முதல் பத்து இடத்துல எடுத்த ஆள், ஒரு மேட்ச் ஆடறதுக்கு முன்னாடியே பெரிய தொகைக்குக் கையெழுத்துப் போடுவார். தோத்த டீமுக்கு உதவணும்னுதான் டிராஃப்ட்ல முதல் இடம் தர்றாங்க. ஆனா அந்தக் காலத்துல தேர்வு தப்பானா ஆளும் இல்ல, சம்பள வரம்புல இடமும் இல்ல. 2009-ல மேத்யூ ஸ்டாஃபர்டுக்கு லயன்ஸ் உறுதியா கொடுத்தது 41.7 மில்லியன் டாலர். புது விதி வந்த 2011-ல அதே முதல் இடத்துல வந்த கேம் நியூட்டனோட நாலு வருஷ மொத்த ஒப்பந்தமே சுமார் 22 மில்லியன்தான்.

மில்லனை 2008 செப்டம்பர் 24-ல அனுப்பினாங்க. அவர் காலத்துல 31 வெற்றி, 84 தோல்வி. மார்ட்டின் மேஹ்யூ பொறுப்பெடுத்து, அக்டோபர்ல ராய் வில்லியம்ஸை டல்லாஸுக்குக் கொடுத்து முதல், மூணாவது, ஆறாவது ரவுண்டு வாய்ப்பை வாங்கினார். தோக்கற சீசன்ல நடந்த ஒரே புத்திசாலித்தனமான வேலை இதுதான்னு சொல்வேன். வருஷம் போச்சுன்னு தெரிஞ்சதும் அடுத்த வருஷத்துக்கு விதை வாங்கியாச்சு.

ரசிகர்களுக்கு இன்னொரு அடி விழுந்தது டிவில. அப்போ இருந்த விதிப்படி, மேட்சுக்கு 72 மணி நேரம் முன்னாடி டிக்கெட் முழுக்க விக்கலன்னா உள்ளூர் டிவில காட்ட மாட்டாங்க. கார் கம்பெனிங்க தள்ளாடிட்டிருந்த வருஷம், ஊர்ல வேலை போயிட்டிருந்த வருஷம், டிக்கெட் விக்கல. வீட்டுல இருந்து பார்க்கவும் விடல. அந்த விதியை 2015-ல நிறுத்தி வெச்சது ரொம்பத் தாமதம்.

கடைசி மேட்ச் டிசம்பர் 28, லாம்போ ஃபீல்டு. 31-21. மறுநாளே மரினெல்லி போனார். அவருக்குப் பதிலா வந்தவர் டென்னஸியோட டிஃபென்ஸைப் பார்த்துக்கிட்டிருந்த ஜிம் ஷ்வார்ட்ஸ். 2009 செப்டம்பர் 27-ல வாஷிங்டனை 19-14-ன்னு ஜெயிச்சப்போதான் தொடர்ந்து 19 தோல்வி முடிஞ்சது. அந்த சீசனும் 2-14 தான். 2010 டிராஃப்ட்ல ரெண்டாவது இடத்துல ஷ்வார்ட்ஸ் எடுத்தது டேக்கிள் என்டாமுகன் சூ. 2011-ல 10-6, பிளேஆஃப்.

அடுத்த வீடியோ 2017 கிளீவ்லண்ட் பிரவுன்ஸ், ரெண்டாவது 0-16. அங்க நோய் வேற: டிஷோன் கைசர் கொடுத்த 22 இன்டர்செப்ஷன், பந்தைப் பறிகொடுத்த கணக்குல மைனஸ் 28. பார்க்கறதுக்கு முன்னாடி இந்த லயன்ஸோட நாலு இன்டர்செப்ஷனை மனசுல வெச்சுக்கோங்க, ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பேசலாம். வர்றேன் மக்களே.