அக்கா கொடுத்த கிட்னி

நேயர்களுக்கு வணக்கம். நான் மும்பை தாராவியில் இருக்கிறேன். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். என் தம்பிக்கு ஒரு கிட்னி கொடுத்தவள். கொடுத்த பிறகு என் காதில் விழுந்த ஒரு வார்த்தையைப் பற்றிப் பேசத்தான் இன்று வந்திருக்கிறேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தியேட்டரிலேயே சிறுநீர் பிரிந்துவிட்டது என்று டாக்டர் சொன்னதும் அம்மா குலசாமிக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தார். நான்காம் நாள் தம்பியின் கட்டிலோரம் தொங்கிய, சிறுநீர் பிடிக்கும் பையைப் பார்த்தேன். உள்ளே நுரை. பால் கறந்த செம்பில் நிற்குமே, அப்படி. அடங்கவே இல்லை. எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. அவனுக்கு 19 வயதில் நோய் ஆரம்பித்தபோதும் இதே நுரைதான்.

பார்க்க வந்த அத்தை, "பொம்பளை கிட்னிதானே, தாங்கலை போல" என்றார். தையல் ஆறியது. அந்தச் சொல் ஆறவில்லை.

தம்பிக்கு வந்த நோயின் பெயர் எஃப்எஸ்ஜிஎஸ். சிறுநீரகத்தின் வடிகட்டிகளில் தழும்பு விழுந்து, உடம்பில் நிற்க வேண்டிய புரதம் சிறுநீரில் ஒழுகிப் போகும். அதுதான் நுரையாகத் தெரிகிறது. சிலருக்கு இதன் காரணம் இரத்தத்திலேயே சுற்றுகிறது. கிட்னி என்னுடையது, ஆனால் அதற்குள் ஓடுவது அவன் இரத்தம். அதனால் இந்த நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு, மாற்றிய கிட்னியிலும் அது திரும்பி வருகிறது. சிலருக்குச் சில மணி நேரத்திலேயே.

சிகாகோவில் நடந்த ஒன்று 2012இல் மருத்துவ இதழில் வெளியானது. அங்கேயும் கூடப்பிறந்தவள் கொடுத்த கிட்னிதான், ஒரு தங்கை. அண்ணன் உடம்பில் இதே நோய் உடனே திரும்பிவிட்டது. இரண்டு வாரத்தில் அந்தக் கிட்னியை எடுத்து, 60 வயதைத் தாண்டிய வேறொரு நோயாளிக்குப் பொருத்தினார்கள். அங்கே போனதும் அது தேறி வேலை செய்தது! இதை எங்கள் டாக்டர் சொன்னபோது நான் வார்டு என்றும் பார்க்காமல் அழுதேன். கொடுத்த உறுப்பில் குறையில்லை. கொடுத்தவர் அம்மாவோ தங்கச்சியோ, யாராக இருந்தாலும் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐஜிஏ நெஃப்ரோபதி என்ற வேறொரு சிறுநீரக நோயும் திரும்பக்கூடியதுதான், பெரும்பாலும் மெதுவாக. முன்பு இல்லாத தொல்லைகளும் புதிதாக வரலாம். புதுக் கிட்னியை உடம்பு நிராகரிக்காமல் இருக்கக் கொடுக்கும் டாக்ரோலிமஸ், ஸ்டீராய்டு மாத்திரைகளால் சிலருக்குச் சர்க்கரை நோய் வருகிறது. அவை எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைப்பதால் சிலருக்கு பிகே என்ற வைரஸ் தலைதூக்கிக் கிட்னியைக் கெடுக்கலாம். அதற்காகப் பயந்து மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், உடம்பு கிட்னியையே நிராகரித்துவிடும்.

எங்கள் வீட்டில் விட்ட பிழை ஒன்று. கிட்னியில் துளி சதை எடுத்துப் பார்த்த முதல் பயாப்ஸி ரிப்போர்ட்டை ஊரிலேயே தொலைத்துவிட்டோம். "கிட்னி ஃபெயிலியர்" என்று மட்டும் சொல்லிக்கொண்டு வருடக்கணக்கில் டயாலிசிஸுக்கு நடந்தோம். எதனால் கெட்டது என்று கேட்கவில்லை. தானம் கொடுக்கப் போகிறவர்களே, கையெழுத்துப் போடும் முன் அந்தக் கேள்வியைக் கேளுங்கள். திரும்பி வருமா, வந்தால் என்ன செய்வீர்கள் என்றும் கேளுங்கள். எங்களுக்குத் தெரிந்திருந்தாலும் நான் கொடுத்திருப்பேன். தெரிந்து கொடுத்திருப்பேன், அவ்வளவுதான். கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்தப் பரிசோதனையான கிரியாட்டினின் சரியாக இருக்கிறதே என்று சிறுநீரில் புரதம் பார்ப்பதை விட்டுவிடாதீர்கள். நுரை முந்திக்கொள்ளும்.

தம்பிக்கு இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவை மாற்றினார்கள், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ரிட்டுக்சிமாப் ஊசி போட்டார்கள். புரதம் குறைந்திருக்கிறது, முழுதாக நிற்கவில்லை. போன வாரம் சிறுநீர் ரிப்போர்ட்டில் புரதம் ஒரு பிளஸ், அதாவது கொஞ்சம்தான். அத்தைக்கு அதைப் படித்துக் காட்டினேன். "உன் கிட்னி இன்னும் ஓடுதுல்ல?" என்று கேட்டார். ஓடுது அத்தை என்றேன்.