தெரிந்தால் போதுமா?

நடுவர் அவர்களே, எதிரணி அன்பர்களே, காரைக்குடிப் பெருமக்களே, வணக்கம்.

'நல்ல குணம் அமைவது போதனையாலா, பழக்கத்தாலா?' பழக்கமே என்பது எங்கள் கட்சி. 'நல்லது எதுவென்று தெரிந்தவன் தப்புச் செய்ய மாட்டான்' என்று எதிரணித் தலைவர் கிரேக்க ஞானி சாக்ரடீஸைத் துணைக்கு அழைத்தார். சாக்ரடீஸின் மாணவர் பிளேட்டோ. அவருடைய மாணவர் அரிஸ்டாட்டில். அந்த அரிஸ்டாட்டிலே இதை ஒப்பவில்லையே ஐயா! வீடு கட்டிக் கட்டித்தான் கொத்தனார் ஆகிறான், நியாயமாக நடந்து நடந்துதான் நியாயவான் ஆகிறான் என்றார் அவர். சர்க்கரை வியாதிக்காரருக்கு இனிப்பு ஆகாதென்று தெரியாதா? பந்தியில் உக்காரை வரும்போது தெரிந்தேதானே இலையை நகர்த்துகிறார்!

நம் ஊர்க்காரர்கள் பர்மாவில் கடை வைத்தபோது, சின்னப் பையனைப் பெட்டியடிப் பையனாக, அதாவது கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் எடுபிடியாக, உட்கார வைத்தார்கள். நேர்மை பற்றிப் பிரசங்கம் செய்யவில்லை. ராத்திரி இருப்பு காலணா இடித்தாலும் கண்டுபிடித்துவிட்டுத்தான் படுக்கை. அவன் அடுத்தாளாக, அதாவது கடையை நடத்துகிறவருக்கு அடுத்த நிலை ஆளாக, உயர்வதற்குள் கை சுத்தமாகிவிடும்.

கஞ்சத்தனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஊதாரித்தனத்துக்கும் கஞ்சத்தனத்துக்கும் நடுவில் இருப்பது ஈகை. அந்த நடு எல்லாருக்கும் ஒரே இடத்தில் இல்லை. மல்யுத்த வீரனுக்குப் போடும் சோற்றைப் புதிதாகப் பயிற்சிக்கு வந்தவனுக்குப் போட்டால் தாங்குவானா? 'ஆற்றின் அளவறிந்து ஈக' என்று வள்ளுவரும் அதைத்தான் சொல்கிறார். கஞ்சன் நடுவைக் குறிவைத்தால் பழைய இடத்துக்கே சறுக்குவான். வளைந்த மரத்தை நிமிர்த்துகிறவர் எதிர்ப்பக்கம் கொஞ்சம் கூடுதலாகவே வளைப்பார். அதுபோல, தனக்குச் சரியென்று படுவதற்குச் சற்று மேலே அவன் கொடுக்கட்டும். சற்றுத்தான்! சொற்பொழிவு கேட்ட சூட்டில் 5,000 ரூபாய் எழுதுகிறவர் வீட்டுக்குப் போகும் வழியிலேயே நொந்துகொள்வார். அடுத்த தடவை நன்கொடைப் புத்தகத்தைக் கண்டால் சந்து மாறிப் போவார். அவருக்குப் பழகியது ஈகை அல்ல, சந்து மாறுவது. வாரச் சந்தைக்குப் போகிற அன்று 50 ரூபாய், தவறாமல் கொடுத்துப் பார்க்கட்டும். நம் வியாபாரிகள் வரவில் ஒரு பங்கை மகமை என்று தர்மத்துக்கு முன்கூட்டியே ஒதுக்கினார்களே, அதில் இந்தச் சூட்சுமம் இருக்கிறது: கொடுக்கலாமா வேண்டாமா என்று மனசோடு தினமும் மல்லுக்கட்ட வேண்டாம். குணம் படிந்ததா என்று பார்க்க ஒரே அடையாளம், கொடுக்கும்போது வலிக்கிறதா என்பது. வலித்தால் பயிற்சி இன்னும் பாக்கி.

இரண்டாவதாகப் பேசிய அம்மா, 'பெரிய சோதனை என்னும் நெருப்பில்தான் குணம் பிறக்கும்' என்றார்கள். நம் வீடுகளில் தரைக்குப் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லைப் பாருங்கள். கண்ணாடி மேல் சாயக் கலவை ஊற்றி, சிமெண்டும் மணலும் போட்டு, தண்ணீரில் ஊறப்போட்டு இறுக வைக்கிறார்கள். சூளைக்கே போவதில்லை! புழங்கப் புழங்கத்தான் மினுமினுப்பு.

'அப்படியானால் மனிதன் செக்குமாடா?' என்று கேட்டார் இன்னொருவர். நல்ல கேள்வி. செக்குமாட்டுக்கு எதற்குச் சுற்றுகிறோம் என்று தெரியாது. செய்வது இன்னதென்று அறிந்து, அது நல்லதென்பதற்காகவே தேர்ந்து, நிலைத்த மனத்தோடு செய்தால்தான் அறம் என்று அரிஸ்டாட்டில் மூன்று நிபந்தனை வைக்கிறார். அறிவு வேண்டாமென்று நாங்கள் சொல்லவில்லை. அது மட்டும் போதாது என்கிறோம்.

மணி அடித்துவிட்டார்கள். மணி அடித்தால் நிறுத்த வேண்டும் என்பது எதிரணித் தலைவருக்கும் தெரியும். தெரிந்தும் மூன்று நிமிஷம் கூடப் பேசினார். நான் உட்காருகிறேன்.